தேன் எடுக்கும் முன் தேன் அறையிலிருந்து தேனீக்களை இறக்குவது: எந்தப் பெட்டிக்கு எந்த முறை?

ரப்பர்க்காடு எழுதியது:

வணக்கம். ரப்பர் தளிர் சீசனுக்கு 24 நியூட்டன் பெட்டி (அடுக்குத் தேனீ), 6 லாங்ஸ்ட்ராத் பெட்டி (இத்தாலியத் தேனீ) இருக்கிறது. எல்லாவற்றிலும் சட்டம் சட்டமாக உதறி, பிரஷ்ஷால் தூத்துத்தான் எடுக்கிறோம். மூன்றாவது பெட்டி திறக்கும்போதே ஈ கொதித்துக் கிளம்புகிறது. தேன் வாளியில் செத்த ஈ மிதக்கிறது. தேன் எடுத்த மூன்றாம் நாள் ஒரு அடுக்குத் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டே ஓடிவிட்டது. ஒருவழிப் பலகை (ஈ கீழே இறங்கலாம், திரும்ப மேலே ஏற முடியாது) போட்டால் இதெல்லாம் தீரும் என்கிறார்கள். இரண்டு வகைப் பெட்டிக்கும் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குழித்துறை அடை எழுதியது:

அண்ணாச்சி, அந்த 24-க்கும் இந்த 6-க்கும் ஒரே முறை சரிப்படாது. நியூட்டன் பெட்டியில் மேலே இருக்கும் தேன் அறையின் சட்டம் 20.6 செ.மீ. நீளம், 6.2 செ.மீ. உயரம். மொத்தமே ஏழு சட்டம். நிறைந்து, ஈ மெழுகால் மூடியிட்டிருந்தாலும் இரண்டு மூன்று கிலோதான் வரும். ஒழுங்காக உதறினால் ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிஷம் போதும். ஈ கொதிக்கிறது என்றால் உதறும் விதத்தில்தான் எங்கோ பிசகு.

புகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காய்ந்த கதம்பை (தேங்காய் மட்டை) நாரைப் பற்றவைத்து, புகை வெள்ளையாகவும் கையில் பட்டால் சுடாமலும் வரும்வரை ஊதுங்கள். வாசலில் இரண்டு ஊது. மூடியை ஒரு பக்கம் தூக்கி, சட்டங்களின் தலைக்கு மேலே குறுக்கே இரண்டு ஊது. சட்டங்களுக்கு இடையே நேராக உள்ளே ஊதக் கூடாது. மூடியிடாத கண்ணறையில் இருக்கும் தேன் புகை வாடையைப் பிடித்துக்கொள்ளும். ஊதியதும் ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். புகை பட்ட ஈ தேனைக் குடித்து வயிற்றை நிரப்பப் பார்க்கும், நீங்கள் எடுக்கப்போகும் தேனைத்தான் குடிக்கும். பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் மூடியிட்ட அடையைக்கூடக் கடித்துத் திறந்துவிடும்.

அடுக்குத் தேனீ புகைக்கு அடையில் நிற்காது, ஓடும். ஓடிப்போய்ச் சட்டத்தின் கீழ் விளிம்பில் கொத்தாகத் தொங்கும். அதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். தேன் அறையை முழுசாகத் தூக்கி, தலைகீழாகப் போட்ட மேல்மூடியின் மேல் வையுங்கள். கீழே திறந்திருக்கும் புழு அறையை (புழு வளரும் கீழ் அறை) பாதிவரை ஈரத் துணியால் மூடுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் மூடாத பாதிக்கு நேர் மேலே கொண்டுவந்து, இரண்டு காதையும் (மேல்கட்டையின் நீட்டிய முனைகள்) விரல்களால் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து கையைச் சட்டென்று இறக்கி நிறுத்துங்கள். அந்தத் திடீர் நிறுத்தத்தில்தான் ஈ விழும். நல்ல உதறல் இரண்டு போதும். பத்துத் தடவை மெதுவாக ஆட்டினால் ஈ விழாது, கோபம்தான் வரும்.

சட்டம் எப்போதும் செங்குத்தாகவே இருக்கணும். புதுசாகக் கட்டிய வெள்ளை அடை வெயிலில் வெண்ணெய் மாதிரி. படுக்கை வசமாகத் திருப்பினால் சட்டத்தோடு ஒட்டிய இடத்தில் பிய்ந்து விழும்.

உதறும்போது தேன் மழைத்துளி மாதிரி தெறித்தால் அந்தச் சட்டத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். அது இன்னும் வற்றவில்லை.

புழு அறைக்குள் உதறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நியூட்டன் பெட்டியில் பலர் ராணித் தடுப்பு வைப்பதில்லை, ராணி மேலே ஏறியிருக்கலாம். வெளியே புல்லில் உதறினால் ராணியும் புல்லோடு போய்விடும். உங்கள் கூட்டம் மூன்றாம் நாள் ஓடியதற்கு இது காரணமா என்று பாருங்கள். பெட்டியில் மீதி ஈ இருந்து, புது ராணி வளர்க்க அவசர ராணி அறைகள் கட்டியிருந்தால் ராணி போனது உறுதி. பெட்டி துடைத்து வைத்தது போலக் காலி என்றால் வேறு காரணம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

---

சூரியகாந்தி வயல் எழுதியது:

இத்தாலியத் தேனீ பற்றி நான் சொல்கிறேன். லாங்ஸ்ட்ராத் முழு உயரச் சட்டம் 44.8 செ.மீ.க்கு 23.2 செ.மீ. அப்படிப் பத்துச் சட்டம் நிறைந்தால் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். உதறலாம், ஆனால் ஆறு பெட்டி முடிப்பதற்குள் பக்கத்துப் பெட்டி ஈக்கள் தேனைத் திருட வந்து கொள்ளை தொடங்கிவிடும். ஒருவழிப் பலகை இதற்கென்றே வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே தேன் அறை, கீழே புழு அறை, நடுவே பலகை. இரவு குளிரும்போது ஈ புழுவையும் ராணியையும் தேடிக் கீழே இறங்கும். இறங்கும் வழி இருக்கிறது, திரும்பும் வழி தெரியாது. போர்ட்டர் வகை கிட்டத்தட்ட 130 வருஷப் பழசு. இரண்டு மெல்லிய எஃகுத் தகடு வில் மாதிரி இருக்கும், நுனியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. ஈ தள்ளிக்கொண்டு வெளியேறும், பின்னால் தகடு சேர்ந்துகொள்ளும். ஒரு ஆண் தேனீ மாட்டிச் செத்தால் அதோடு வழி அடைபட்டுவிடும். அதனால் போர்ட்டர் போட்டால் ஒரே பலகையில் இரண்டு வைப்பது நல்லது. கம்பிவலைக் கூம்பு, முக்கோணப் புதிர்வழி வகைகளில் அசையும் பாகமே கிடையாது. சீக்கிரமும் காலியாகும்.

என் பரிந்துரை இதுதான். முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் தேன் அறையைத் தூக்கி, சட்டங்களில் புழு இல்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புழு அறைக்கு மேலே கட்டிய அடையோடு ஒரு காலித் தேன் அறை வையுங்கள். அதற்கு மேல் பலகை. அதற்கு மேல் எடுக்க வேண்டிய அறை, பிறகு மூடி. காலி அறை முக்கியம். அது இல்லாவிட்டால் கீழே இறங்கிய கூட்டத்துக்கு இடம் இருக்காது. வாசலில் தாடி மாதிரி தொங்கும், சீசன் உச்சத்தில் பிரிந்து போகவும் தயாராகும்.

மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் புதிர்வழிப் பலகையில் ஈ திரும்பும் வழியைக் கண்டுபிடித்துவிடும்.

---

ரப்பர்க்காடு எழுதியது:

அடை அண்ணாச்சிக்கும் வயல் அண்ணனுக்கும் நன்றி. ராணி அறை எதுவும் இல்லை, பெட்டி சுத்தமாகக் காலி. பலகை கடையில் கிடைக்கவில்லை. நாமே செய்ய அளவு யாராவது தர முடியுமா?

---

தச்சுப்பட்டறை எழுதியது:

கம்பிவலைக் கூம்பு வகையை நாமே செய்யலாம், ஒரு மணி நேர வேலைதான். புத்தக அளவை நம்பி வெட்டாதீர்கள். நம்ம ஊர் நியூட்டன் பெட்டி பட்டறைக்குப் பட்டறை சில மி.மீ. மாறும். உங்கள் தேன் அறையின் வெளிச்சுற்றை அளந்து அந்த அளவில் வெட்டுங்கள்.

தேவை: 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட் ஒன்று. மேல்பக்கம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. தடிப்புள்ள மரச் சட்டம். கீழ்ப்பக்கம் சுற்றிலும் 20 மி.மீ. மரச் சட்டம். மேலே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், அதிகம் விட்டால் அங்கே அடை கட்டும். கீழே கூம்பு நிற்க இடம் வேண்டும்.

பலகையின் எதிரெதிர் மூலையில் 25 மி.மீ. விட்டத்தில் இரண்டு துளை. கொசுவலைக் கம்பியை (நைலான் ஆகாது, கடித்துவிடும்) கூம்பாகச் சுருட்டி, அகன்ற வாயைத் துளையில் அடித்து, நுனி கீழ்ப்பக்கம் வரும்படி படுக்கை வசத்தில் சாய்த்து வையுங்கள். நுனியில் ஒரு ஈ மட்டும் நுழையும் அளவு துளை. ஒரு பென்சில் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கட்டும், திரும்பி வரும் ஈ அதில் கால் வைக்கத் தயங்கும். வெளியே போன ஈ திரும்ப வரும்போது வாடை வரும் அகன்ற பக்கத்தைத்தான் முட்டிக்கொண்டிருக்கும், சின்ன நுனியைத் தேடாது.

பலகையின் விளிம்பில் கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டு வையுங்கள். தலைகீழாக வைத்துவிட்டு "பலகை வேலை செய்யவில்லை" என்று சொல்வதுதான் அதிகம் கேட்கிற புகார். தலைகீழாக வைத்தால் ஈ மேலே ஏறும், இறங்காது. மறுநாள் தேன் அறை முன்பைவிட நிறைந்திருக்கும்.

பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

---

கீழ்மலை எழுதியது:

பலகையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மலையில், குளிர்ந்த நாட்களில், பலகை போட்ட தேன் அறை ஒரே இரவில் ஆறிப்போகும். ஈ இருந்தால்தான் அடை சூடாக இருக்கும். ஆறிய தேன் கெட்டியாகி, தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்றும்போது கண்ணறையை விட்டு வராது. வேகமாகச் சுற்றினால் அடை உடையும். கீழ்மலை காபித் தோட்டங்களில் பலகை போட்டால் தேன் அறையை வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரம் வைத்து எடுப்பது நல்லது.

சமவெளியில் பிரச்சினை தலைகீழ். வெயிலில் நிற்கும் பெட்டியில் விசிறிக் குளிர்விக்க ஈ இல்லை என்றால் அடை இளகித் தொங்கிவிடும். பலகை போட்ட பெட்டிக்கு நிழல் கட்டாயம்.

---

ரப்பர்க்காடு எழுதியது:

தச்சுப்பட்டறை அண்ணன் சொன்னபடி இரண்டு பலகை செய்து போட்டுப் பார்த்தோம். இத்தாலியப் பெட்டியில் மறுநாள் முப்பது நாற்பது ஈதான் மிச்சம். நியூட்டன் பெட்டியில் 24 மணி நேரம் ஆகியும் பாதி ஈ மேலேயே இருக்கிறது, சட்டங்களுக்கு நடுவே எறும்பு வேறு. அம்பு சரியான பக்கம்தான்.

---

குழித்துறை அடை எழுதியது:

மேலே ஈ நின்ற சட்டங்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள மூன்று சட்டத்தில் புழு இருக்கும் என்று நினைக்கிறேன். புழுவை விட்டு ஈ இறங்காது, என்ன பலகை போட்டாலும் சரி. திறந்த புழு உள்ள சட்டத்தை இயந்திரத்திலும் போடக் கூடாது. புழு தேனோடு தெறித்து வந்துவிடும், தேன் புளிக்கவும் அது ஒரு காரணமாகும். மூடிய புழு என்றால் அறையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்து, ஈ வெளிவந்த பிறகு அடுத்த முறை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இத்தாலியப் பெட்டிக்கு விற்கும் ராணித் தடுப்பு நியூட்டனுக்கு ஆகாது. அடுக்குத் தேனீ ராணி ஒல்லி. 4.2 மி.மீ. இடைவெளியில் சுலபமாக ஏறிவிடும்.

எறும்புக்கு வேறு விளக்கம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தாலியத் தேனீ பிசின் சேகரித்துப் பெட்டியின் ஒவ்வொரு கீறலையும் அடைத்து வைக்கும். அடுக்குத் தேனீ பிசினைத் தொடுவதே இல்லை. அதனால் நியூட்டன் பெட்டியின் தேன் அறைக்கும் மூடிக்கும் நடுவே உள்ள சந்து சந்தாகவே இருக்கும். காவல் ஈ இருக்கும்வரை தெரியாது. பலகை போட்டுக் காவலை இறக்கியதும் எறும்பு, பக்கத்துக் கூட்டத்துக் கொள்ளை ஈ, இரவில் மெழுகு அந்துப்பூச்சி எல்லாம் அந்தச் சந்து வழியாக வரும். நியூட்டனில் பலகை போடுவதானால் சந்துகளைக் களிமண்ணாலோ நாடாவாலோ முழுக்க அடைத்து, தாங்கு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய பிறகே போடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு இரண்டு கிலோ தேனுக்கு இரண்டு தடவை நடை. பெட்டிகள் தோட்டம் தோட்டமாகச் சிதறி இருக்கிறது என்றால் நியூட்டனுக்குப் பலகை வேண்டாம், உதறல்தான் சரி.

---

கீழ்மலை எழுதியது:

> நியூட்டனுக்குப் பலகை வேண்டாம்

இதில் ஒரு விதிவிலக்கு வேண்டும் அண்ணாச்சி. வீட்டு முற்றத்தில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் பெட்டி இருந்தால் உதறி எடுத்த பிறகு மாலைவரை ஈ சுற்றிச் சுற்றிக் கொட்டும். கட்டிப்போட்ட மாடு ஓடவும் முடியாது. அங்கே ஈயைக் கிளறாமல் இறக்கும் பலகைக்கு இரண்டு நடை நடப்பது தகும். நீங்கள் சொன்ன களிமண்ணும் தண்ணீர்க் கிண்ணமும் கட்டாயம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

குழித்துறை அடை எழுதியது:

அது சரி, ஏற்கிறேன். வீட்டுப் பெட்டிக்கு பலகை போடுங்கள், புழு இல்லாத அறையாக இருந்தால் மட்டும்.

---

மூங்கில்பாலம் எழுதியது:

இலை ஊதும் மெஷினால் ஈயை ஊதித் தள்ளுவதை வீடியோவில் பார்த்தேன். நியூட்டனில் செய்யலாமா?

---

சூரியகாந்தி வயல் எழுதியது:

வேண்டாம் தம்பி. அது நூற்றுக்கணக்கில் இத்தாலியப் பெட்டி வைத்திருப்பவர்கள் தேன் அறையைப் பக்கவாட்டில் நிறுத்தி, சட்டத்துக்குச் சட்டம் ஊதுவது. நியூட்டன் சட்டங்கள் சின்னவை, தளர்வாக உட்கார்ந்திருக்கும். காற்றில் ஆடி அடையோடு அடை உரசும். அடுக்குத் தேனீயை அப்படிக் கலைத்தால் கூட்டம் தங்குவது சந்தேகம்.

---

தேன் தரம் எழுதியது:

தரச் சோதனை பக்கத்திலிருந்து சில வார்த்தை. ஈயை விரட்ட எது போட்டாலும் அது தேனிலும் மெழுகிலும் ஏறும். வெளிநாட்டில் வாடைப் பலகை என்று ஒன்று உண்டு. துணி ஒட்டிய மூடியில் பியூட்ரிக் அன்ஹைட்ரைடு, பென்சால்டிஹைடு போன்றவற்றைத் தெளித்து, வெயிலில் ஆவியாக விட்டு ஈயை ஐந்து நிமிஷத்தில் இறக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கே சிலர் கையில் கிடைத்ததைப் போட்டுப் பார்க்கிறார்கள். பினாயில் நனைத்த துணி, அந்து உருண்டை, மண்ணெண்ணெய்ச் சாக்குப் புகை, இதில் ஒன்றும் தேன் அறையின் பக்கமே வரக் கூடாது. அந்து உருண்டையின் நாப்தலீன் மெழுகில் ஊறி, அடுத்த சீசன் தேனிலும் வரும். பூச்சிமருந்து வந்த சாக்கைப் புகைப்பானில் போடவே போடாதீர்கள்.

ஈரப்பதம்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 20 சதவீதம். ரப்பர்த் தேன் இதைத் தாண்டி வருவது சாதாரணம், ஆறேழு நாளுக்கொரு தடவை அவசரப்பட்டு எடுப்பதால். அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடியிட்ட பிறகே எடுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) இருந்தால் பெட்டியருகிலேயே ஒரு துளி வைத்துப் பார்த்துவிடலாம். ஈ இறங்கிய தேன் அறையை இரண்டு மூன்று நாள் போட்டு வைக்காதீர்கள். நம்ம கடற்கரைக் காற்றில் மூடியிடாத தேன் ஈரம் இழுக்கும்.

---

ரப்பர்க்காடு எழுதியது:

தரம் அக்காவுக்கு நன்றி. நடுச் சட்டம் மூன்றிலும் புழு இருந்தது, அண்ணாச்சி சொன்னது சரி. பிரஷ் பற்றிக் கேட்கணும், நைலான் பிரஷ்ஷில் ஈ சிக்கிக்கொள்கிறது. ஓடிப்போன கூட்டம் பற்றியும் சொல்கிறேன் என்றீர்கள்.

---

குழித்துறை அடை எழுதியது:

பிரஷ்ஷில் தேன் பட்டால் மயிர் ஒட்டிக் குச்சி மாதிரி ஆகிவிடும். அதில் ஈ உருண்டு சிக்கும், சிக்கியது கொட்டும். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாடை அடிக்கும், கவனித்திருப்பீர்கள். அந்த வாடைதான் மற்ற ஈக்கு "இங்கே கொட்டு" என்கிற அழைப்பு. அதே பிரஷ்ஷை அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோனால் அந்த அழைப்பும் கூடவே போகிறது. மூன்றாவது பெட்டியில் ஈ கொதிப்பது இதனால்தான். பிரஷ்ஷைத் தூர வைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிடி பச்சைப் புல்லைப் பறித்து, தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துங்கள். பெட்டி முடிந்ததும் எறிந்துவிடுங்கள். உதறியபின் மிச்சம் இருக்கும் பத்திருபது ஈக்குத்தான் புல். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னத் தட்டலாகத் தட்டுங்கள். கையில் கொட்டுப் பட்டால் கொடுக்கைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் புகை ஊதிவிட்டு வேலையைத் தொடருங்கள். வாடை அமுங்கும்.

புல்லை மாற்றுவதில் நோய்க் காவலும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற, புழுவைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைப் பெருமளவு அழித்தது. ஒரு பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள். தேன் எடுத்த காலி அடையும் அதன் சொந்தப் பெட்டிக்கே திரும்பணும். சட்டத்தின் காதில் பெட்டி எண்ணைப் பென்சிலால் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

ஓடிப்போனது: ராணி அறை இல்லை, பெட்டி காலி என்றால் கூட்டம் ராணியோடு முடிவெடுத்துப் போயிருக்கிறது. அடுக்குத் தேனீ இத்தாலியத் தேனீ மாதிரி பொறுக்காது. தேன் அறையோடு சேர்த்துப் புழு அறைச் சட்டங்களின் மேல் விளிம்புத் தேனையும் வெட்டி எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அதுதான். புழு அறைத் தேன் அதன் சாப்பாடு, அதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, நடுப்பகலில் அரைமணி நேரம் பெட்டியைத் திறந்து போட்டு, சிந்திய தேனில் கொள்ளை வந்து, அதோடு எறும்பும் ஏறினால் மூன்று நாளில் கிளம்பிவிடும். காலை 9 மணிக்குள், இல்லையென்றால் மாலை 4-க்குப் பிறகு எடுங்கள். சீசன் முடியும் கடைசி எடுப்பில் தேன் அறையில் இரண்டு சட்டத்தையாவது விட்டுவைத்து, மழைக்காலத்தில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கரைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

---

ரப்பர்க்காடு எழுதியது:

மேல் விளிம்புத் தேனை வெட்டியது உண்மைதான், இனி கிடையாது. கடைசியாக ஒன்று. என்ன செய்தாலும் சட்டத்தோடு கொஞ்சம் ஈ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அவைதான் தேன் வாளியில் விழுகின்றன.

---

சூரியகாந்தி வயல் எழுதியது:

தேன் எடுக்கும் அறையின் ஜன்னல்களில் ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் இருட்டாக மூடுங்கள். ஈ வெளிச்சத்துக்குத்தான் போகும். அந்த ஒரு ஜன்னலின் கம்பிவலையை மேல் விளிம்பில் விரல் அகலம் வெளிப்பக்கம் விலக்கி வைத்தால், வலையில் ஏறும் ஈ மேலே போய் வெளியேறும். வெளியிலிருந்து வருவது வலையின் நடுவில்தான் முட்டும், உள்ளே வராது. சட்டங்களை அறைக்குள் கொண்டுவந்ததும் அடையின் மெழுகு மூடியைச் சீவத் தொடங்காமல் அரைமணி நேரம் அப்படியே வையுங்கள். மிச்ச ஈ தானாகப் போய்விடும்.

பெட்டியிலிருந்து அறைக்குக் கொண்டுபோகும்போது உதறிய சட்டங்களை மூடியுள்ள டப்பாவில் அடுக்கி மேலே ஈரத் துணி போடுங்கள். இந்த இடைவெளியில்தான் பாதி ஈ திரும்ப ஏறுகிறது. தேன் எடுத்த ஈர அடைகளைப் பொழுது சாய்ந்தபின், வெளியே ஈ நடமாட்டம் நின்றதும் பெட்டியில் வையுங்கள். பகலில் வைத்தால் வாடைக்குத் தோட்டத்து ஈ மொத்தமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.